தேயிலைப் பொதியும் டப்ளின் நகரமும்: ‘யுலிசிஸ்’ நாவலை வாசிக்கும் நெறி பற்றிச் சில குறிப்புகள்

1

ஜேம்ஸ் ஜொய்சின் ‘யுலிசிஸ்’ 1922 பெப்ரவரி 2ஆந் திகதி பாரிஸ் நகரிலே, சில்வியா பீச் என்னும் அமெரிக்கப் பெண்மணி நடத்திவந்த சிறிய புத்தகசாலையின் வெளியீடாக, ஆயிரம் பிரதிகளுடன் வெளிவந்தது. நூற்றாண்டொன்று கழிந்த பின்னரும் அந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பலராகவும் அதனை வாசித்து முடித்தோர் சிலராகவுமே உள்ளனர். நவீனத்துவத்தின் திருமறையாக அதனைப் போற்றுவோர் ஒருபுறம். முதல் நாற்பது பக்கங்களுடன் நூலை மூடிவைத்துவிட்டுத் தமது அறிவின் போதாமையை நொந்துகொள்வோர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் அப்பால் மூன்றாவது சாராரும் உளர். நூலைத் திறவாமலே, அது நலிவுற்ற முதலாளித்துவப் பண்பாட்டின் விளைபொருள் என்று தீர்ப்பளித்துவிட்டவர்கள் அவர்கள். முற்போக்கு இலக்கிய அணியைச் சார்ந்தோரிடையே இம்மூன்றாவது சாரார் கணிசமானோர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு நூல் கடினமானது என்று கூறும்போது, யாருக்குக் கடினமானது, எவ்வகையிற் கடினமானது, அக்கடினத்தால் நலம்பெறுவோர் யாவர் என்ற வினாக்கள் உடன் எழவேண்டும். இவ்வினாக்களை எழுப்பாது விடின், கடினம் என்பது நூலின் இயற்கைக் குணம்போலத் தோற்றமளிக்கும்; நூலும் அதனை விளக்கவல்ல சிறு குழுவினரின் தனியுடைமையாகிவிடும். ‘யுலிசிஸ்’ நாவலின் கடினம் ஒருதன்மைத்தானதன்று. அதன் வகைகளைப் பிரித்தறிந்து வாசிப்பின், குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளின் வாசகருக்கு அந்நாவல் மூடிய கதவு அன்று என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலின் புறநிலைக் கதை மிக எளிது. 1904 ஜூன் 16ஆந் திகதி காலை தொடக்கம் மறுநாள் அதிகாலை வரை டப்ளின் நகரில் இருவர் அலைகின்றனர். ஒருவன் ஸ்டீபன் டெடலஸ். இளைஞன், படித்தவன், தாயை இழந்தவன், தனியார் பள்ளியொன்றில் ஆசிரியன். மற்றவன் லியோப்போல்ட் புளூம். பத்திரிகைக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுத்துத் தரகு பெறுபவன், முப்பத்தெட்டு வயதினன், ஹங்கேரியிலிருந்து வந்த யூதரொருவரின் மகன். புளூமின் மனைவி மொலி ஒரு பாடகி. அன்று பிற்பகல் அவளிடம் வேறொருவன் வரவிருப்பதைப் புளூம் அறிவான். இரவில் இவ்விரு ஆடவரும் சந்தித்துச் சிறிது நேரம் உரையாடிப் பிரிகின்றனர். மொலியின் நினைவோட்டத்துடன் நாவல் முடிவுறுகின்றது. பதினெட்டு அத்தியாயங்களில் நிகழ்வது இவ்வளவே.

2

வாசிப்பு நெறி பற்றிக் கூறுமுன், மார்க்சியத் திறனாய்வாளர் இந்நாவலை எதிர்கொண்ட வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியமாகும். 1934இல் மொஸ்கோவில் நடைபெற்ற சோவியத் எழுத்தாளரின் முதலாவது மகாநாட்டிலே உரையாற்றிய கார்ல் ராடெக், ஜொய்சின் கலையைப் புழுக்கள் நெளியும் சாணக்குவியலை நுணுக்குக்காட்டியினூடாகப் படம்பிடிக்கும் முயற்சியாக வருணித்தார். அவ்வுவமை பின்னர் வாதத்தின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. ஜோர்ஜ் லூக்காச்சின் நிலைப்பாடு இதனினும் ஆழமானது. 1950களின் பிற்பகுதியில் வெளியான தமது யதார்த்தவாதம் பற்றிய நூலில், தோமஸ் மானும் நனவோடை உத்தியைக் கையாண்டபோதிலும் அவரிடத்து அது ஒரு கருவியாக மட்டுமே அமைந்ததென்றும், ஜொய்சிடத்து அதுவே ஆக்கத்தின் அடிப்படைத் தத்துவமாகிவிட்டதென்றும், அதனால் மனித வாழ்வு இயக்கமற்றதாகச் சித்திரிக்கப்படுகின்றதென்றும் அவர் வாதிட்டார்.

எனினும் மார்க்சியத்தின் குரல் ஒன்றாக மட்டும் இருந்ததில்லை. பல்சாக், தோல்ஸ்தோய் ஆகியோரின் வடிவத்தையே யதார்த்தத்தின் நிலையான அளவுகோலாகக் கொள்ளுதல் தானும் ஒருவகை உருவவாதமே என்று பேர்தோல்ட் பிறெக்ற் 1930களின் இறுதியில் எழுதிவைத்தார். அவரது மறைவுக்குப் பின்னரே அக்குறிப்புகள் வெளியாயின. சோவியத் திரைப்பட மேதை ஐசன்ஸ்டைன், மார்க்சின் ‘மூலதன’த்தைத் திரைப்படமாக்கும் திட்டமொன்றை 1927–28 காலப்பகுதியில் வகுத்தபோது, அதற்கான முன்மாதிரியாக ‘யுலிசிஸ்’ நாவலையே கருதினார். அன்றாட வாழ்வின் அற்பப் பொருளொன்றிலிருந்து சமுதாய அமைப்பு முழுமையையும் நோக்கிச் செல்லும் வழியை அவர் அந்நாவலிற் கண்டார். ஆங்கில மார்க்சியரான அலிக் வெஸ்ட் 1937இல் வெளியிட்ட ‘நெருக்கடியும் திறனாய்வும்’ என்ற நூலில், ஜொய்சின் ஆற்றலை ஏற்றுக்கொண்டு, அவரது டப்ளினில் மக்கள் நுகர்கின்றனர், பேசுகின்றனர், அலைகின்றனர், ஆனால் உற்பத்தி செய்வோர் பெரும்பாலும் காட்சியில் இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். இக்கருத்துக்கு நாம் மீண்டும் வருவோம். அண்மைக் காலத்தில் என்டா டஃபி (1994), வின்சன்ட் செங் (1995) முதலானோர் ஜொய்சைக் குடியேற்ற நாட்டு எழுத்தாளராக வைத்து ஆராய்ந்துள்ளனர்.

லூக்காச்சின் வாதத்தில் ஓர் இடைவெளி உண்டு. அவர் ஜொய்சை மேற்கைரோப்பிய முதலாளித்துவத்தின் எழுத்தாளராகவே நோக்கினார். ஆனால் 1904ஆம் ஆண்டின் டப்ளின், லண்டனோ பாரிசோ அன்று. 1801 தொடக்கம் பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்டு, தனக்கென நாடாளுமன்றமற்று, அரசப் பிரதிநிதியொருவரால் ஆளப்பட்ட நாட்டின் தலைநகர் அது. நாவலை ஜொய்ஸ் எழுதிய 1914–1921 காலப்பகுதியிலேயே 1916ஆம் ஆண்டின் எழுச்சியும் அதனைத் தொடர்ந்த விடுதலைப் போரும் நிகழ்ந்தன; நாவல் வெளிவந்த அதே ஆண்டிலேதான் ஐரிஷ் சுதந்திர அரசும் தோன்றியது. இயக்கமற்ற வாழ்வு என லூக்காச் கண்டது, மனித நிலை பற்றிய நிரந்தரத் தத்துவமன்று. ஆளப்படும் நகரொன்றின் குறிப்பிட்ட வரலாற்றுத் தேக்கம் என்பது எமது கருத்தாகும்.

3

நாவலின் கடினத்தை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது செய்திக் கடினம். டப்ளினின் தெருக்கள், மதுச்சாலைகள், பாடல்கள், மறைந்த தலைவர் பார்னெல் பற்றிய சர்ச்சைகள் ஆகியன விளக்கமின்றிப் பேசப்படுகின்றன. விளக்கவுரை நூலொன்றை அருகில் வைத்துக்கொண்டு சொல்தோறும் நின்று வாசிப்போர் நூறு பக்கங்களைத் தாண்டுவது அரிது. முதல் வாசிப்பில் அந்நூல்களை ஒதுக்கிவைத்தலே தக்கது. முன்பின் அறியாத ஊரொன்றுக்குச் செல்பவன் அங்குள்ளோர் பேச்சில் வரும் பெயர்களையெல்லாம் முதல் நாளிலேயே அறிந்துகொள்வதில்லை. பத்து நாள் தங்கினால் பெயர்கள் தாமாகவே ஆட்களாகிவிடும். ஜொய்சின் நாவலும் அவ்வாறே தன் வாசகனுக்குத் தானே பயிற்சியளிக்கின்றது. ஓரிடத்திற் புரியாதது பெரும்பாலும் பிறிதோரிடத்தில் விளங்கும்.

இரண்டாவது வடிவக் கடினம். படர்க்கையில் அமைந்த வாக்கியமொன்று முடிந்தவுடன், மேற்கோட் குறியோ ‘நினைத்தான்’ என்ற சொல்லோ இன்றிப் பாத்திரத்தின் எண்ணம் தொடங்கிவிடுகின்றது. அவ்வெண்ணமும் அரைகுறைச் சொற்றொடர்களாகவே வருகின்றது. இவ்விடங்களில் வாசகன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: பாத்திரத்தின் கண் இப்பொழுது எதன்மீது நிற்கின்றது? கடைக் கண்ணாடி, எதிரே வரும் மனிதர், கையிலுள்ள கடிதம் என அப்பொருளை இனங்கண்டுகொண்டால், அதிலிருந்து எண்ணம் கிளைத்த வழி தானே புலப்படும். வாய்விட்டு வாசித்தலும் பெரிதும் துணைபுரியும். பேச்சோசையை எழுத்திற் பிடித்த நூல் இது. நாவலின் பிற்பகுதியில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடை மாறுகின்றது. ஏழாவது அத்தியாயம் பத்திரிகைத் தலைப்புகளால் துண்டாடப்பட்டுள்ளது; பதினான்காவது ஆங்கில உரைநடையின் வரலாற்றையே போலிசெய்கின்றது; பதினைந்தாவது நாடக உருவிலும், பதினேழாவது ஞானோபதேசம் போன்ற வினாவிடை உருவிலும் அமைந்துள்ளன; இறுதி அத்தியாயம் நிறுத்தக்குறிகள் அற்றவையெனக் கூறத்தக்க எட்டு நெடிய வாக்கியங்களால் ஆயது. ஒவ்வொரு நடையையும் ஒரு சமுதாய நிறுவனத்தின் குரலாகக் கேட்டல் வேண்டும். பத்திரிகையும் திருச்சபையும் கல்வியும் உலகைச் சொல்லும் முறைகள் இவை. ஒவ்வொன்றும் சிலவற்றைக் காட்டிச் சிலவற்றை மறைக்கின்றது. பதினேழாவது அத்தியாயத்தில் புளூமின் அன்றைய வரவுசெலவுக் கணக்கு சதக் கணக்குத் தவறாத துல்லியத்துடன் தரப்படுகின்றது. ஆயின் முன்னிரவில் விபசார விடுதியிற் செலவான பணம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. புறவயமானதெனத் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆவணமும் ஒளிக்கும் என்பதை இதனினும் சுருக்கமாக உணர்த்தல் அரிது.

மூன்றாவது புலமைக் கடினம். இது பெரும்பாலும் ஸ்டீபனைச் சார்ந்தது. அரிஸ்தோத்திலும் அக்குவைனாசும் சேக்ஸ்பியரும் அவனது சிந்தனையில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றனர். நூலைத் தொடங்கும் வாசகரிற் பலர் மூன்றாவது அத்தியாயத்தில், கடற்கரையில் அவன் தனியே நடக்கும் இடத்தில், நின்றுவிடுகின்றனர். இப்புலமையை ஆசிரியரின் புலமையாகக் கொண்டு அஞ்சுதல் தவறு; அது பாத்திரத்தின் நோய்க்குறி. குடியேற்ற நாட்டிற் கற்ற இளைஞன், தான் கற்றதற்கு ஏற்ற இடத்தைத் தன் சமூகத்தில் காணாதவிடத்து அக்கல்வியையே கவசமாகப் பூணுகின்றான். அவனது அன்றைய சம்பளம் 3 பவுண் 12 சிலிங். அவனது கடன்களோ அதனினும் பன்மடங்கு. தான் பிரித்தானிய அரசுக்கும் உரோமத் திருச்சபைக்கும் ஊழியன் என்று அவனே கசப்புடன் கூறுகின்றான். பத்தாவது அத்தியாயத்தில் அவனது தங்கை டிலி, வீட்டில் கன்னியர் தானமாய் அளித்த பட்டாணிச் சூப்பையன்றி உணவில்லாத நிலையில், ஒரு பென்னிக்குப் பிரெஞ்சு மொழிப் பாலபாடமொன்றைப் பழைய புத்தக வண்டியில் வாங்கிக்கொண்டு நிற்பதை அவன் காண்கின்றான். அவளை மீட்க முயன்றால் தானும் அவளுடன் மூழ்கிவிடுவோம் என்று அஞ்சி விலகுகின்றான். அவ்விடத்தை வாசித்த பின்னர் ஸ்டீபனின் புலமை எம்மை அச்சுறுத்துவதில்லை. அதன் விலை எமக்குத் தெரிந்துவிடுகின்றது.

4

இவ்வகைப்பாட்டிலிருந்து வாசிப்பின் ஒழுங்கு ஒன்று பெறப்படும். நாவலை நான்காவது அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம் என்பது எமது பரிந்துரை. அங்கு புளூம் காலையுணவு சமைக்கின்றான். பன்றிச் சிறுநீரகம் வாங்கக் கடைக்குச் செல்கின்றான். வழியிலுள்ள மதுச்சாலைக்காரரின் இலாபத்தை மனத்திற் கணக்கிடுகின்றான். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய அத்தியாயங்களை முடித்தபின் முதல் மூன்று அத்தியாயங்களுக்கு வரலாம். இரு தொகுதிகளும் ஒரே காலைப்பொழுதில் நிகழ்வன. காலையில் சூரியனை மறைக்கும் மேகமொன்றை ஸ்டீபன் முதலாம் அத்தியாயத்திலும் புளூம் நான்காம் அத்தியாயத்திலும் நகரின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து காண்கின்றனர். அதன்பின் பத்தாவது அத்தியாயத்தை முற்படப் படித்துக்கொள்ளல் நன்று. பத்தொன்பது சிறு பகுதிகளாக அமைந்த அவ்வத்தியாயம் யேசுசபைக் குருவானவர் ஒருவரின் நடையுடன் தொடங்கி, அரசப் பிரதிநிதியின் குதிரை வண்டிப் பவனியுடன் முடிவுறுகின்றது. திருச்சபை ஒரு முனை, பேரரசு மறுமுனை. இடையே கடனாளிகளும், கடைச் சிப்பந்திகளும், ஒற்றைக்கால் மாலுமியும், பசித்த பிள்ளைகளும். அந்நகரின் சமுதாய வரைபடம் இதுவே. அதனைக் கையிற்கொண்டு ஏழாவது அத்தியாயத்திலிருந்து வரிசைப்படி வாசிக்கலாம்.

ஹோமரின் ‘ஒடிசி’ பற்றி ஒரு சொல். நூலின் பெயரில் அன்றி, அத்தியாயத் தலைப்புகளாக ஹோமரின் பெயர்கள் நாவலில் அச்சிடப்படவில்லை. ஒப்புமைகளின் அட்டவணையை ஜொய்ஸ் நண்பர் சிலருக்கு வழங்கினார். ஸ்டூவார்ட் கில்பேர்ட் 1930இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அது பரவலாயிற்று. கட்டடம் எழுந்தபின் அகற்றப்பட்ட சாரத்தையே கட்டடமாகக் கொள்ளும் போக்கு அதிலிருந்தே வலுப்பெற்றது. நீண்டகாலம் அலைந்து வீடு திரும்பும் வீரனின் காவியம் அது என்ற அளவு அறிந்திருத்தல் முதல் வாசிப்புக்குப் போதும்.

5

பொருள்களின் வழியே வாசித்தல் என்று மேலே குறிப்பிட்ட நெறியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஐந்தாவது அத்தியாயத்தில் வெஸ்ட்லண்ட் றோ என்னும் தெருவிலே, தேயிலைக் கம்பனியொன்றின் கடைக் கண்ணாடி முன் புளூம் நிற்கின்றான். ஈயத்தாள் சுற்றிய பொதிகளிலுள்ள வாசகங்களை வாசிக்கின்றான். அது இலங்கைத் தேயிலை. உடனே அவன் மனத்தில் கீழைத்தேயம் ஒரு பூந்தோட்டமாக விரிகின்றது. சிங்கள மக்கள் வெயிலில் சோம்பிக் கிடப்பதாகவும், நாள்முழுதும் ஒரு வேலையும் செய்யாதிருப்பதாகவும், ஆண்டிற் பாதியை உறக்கத்திற் கழிப்பதாகவும், வெப்பத்தினாற் சண்டையிடவும் இயலாதிருப்பதாகவும் அவன் கற்பனை செய்கின்றான். அங்ஙனந்தான் இருக்குமோ என்ற ஐயமும் இடையே தலைகாட்டுகின்றது. ஆயினும் கற்பனை நிற்பதில்லை.

டப்ளின் பற்றிய விளக்கவுரைகள் இவ்விடத்தைத் தாமரைக் கனியுண்டு மயங்கினோர் பற்றிய ஹோமரின் கதையுடன் பொருத்திவிட்டு மேற்செல்லும். இலங்கை வாசகர் அவ்வாறு மேற்செல்லல் இயலாது. அப்பொதியினுள் இருந்த இலையைக் கொய்தோர் யாவர் என்பது எமக்குத் தெரியும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் கண்டியக் கிராமத்தவரின் காடுகளும் சேனைநிலங்களும் முடிக்குரியனவாக்கப்பட்டுத் தோட்டச் சொந்தக்காரருக்கு விற்கப்பட்டன. தம் வயலை விட்டுக் கூலிக்கு உழைக்க மறுத்த சிங்கள விவசாயி சோம்பேறி எனப் பெயர்பெற்றான். அவனுக்குப் பதிலாகத் தென்னிந்தியாவின் வறிய தமிழ் மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிய, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே தொடங்கிவைத்த தேயிலை மலைநாடெங்கும் பரவியது. அதே 1867இலேதான் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்தது. பண்டமானது தன்னை ஆக்கிய உழைப்பை எவ்வாறு மறைத்து நிற்கின்றது என்பதை அந்நூல் விளக்கிற்று. புளூம் நோக்கும் பொதி அதற்கு உருவகமன்று, நேரடிச் சான்று. உழைப்பின் விளைபொருளே உழைப்பின்மை பற்றிய கனவைத் தூண்டுகின்றது. ‘தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்ற எமது பழமொழி இதற்கு மிகப் பொருந்தும். தோட்டத் தொழிலாளர் வாழ்வைச் சித்திரிக்கும் தமது நாவலுக்கு (1964) கோகிலம் சுப்பையா ‘தூரத்துப் பச்சை’ என்று பெயரிட்டதும் காரணத்தோடேயாகும்.

சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை குடியேற்ற முதலாளித்துவத்தின் கருத்தியற் கருவி என்பதைச் சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவியுள்ளார். அதே பட்டத்தை ஆங்கிலேயர் ஐரிஷ் விவசாயிக்கும் சூட்டியிருந்தனர். ஆளப்படும் நாடொன்றின் குடிமகன், தன்மீது சுமத்தப்பட்ட அவதூற்றை ஆளப்படும் பிறிதொரு நாட்டின்மீது அறியாமலே சுமத்துகின்றான். இந்த முரண்நகை நாவலாசிரியர் அறியாதது என நாம் கருதவில்லை. தேயிலையைக் கண்ட புளூமுக்கு உடனே நினைவுக்கு வருபவர் தொம் கேர்னன் என்னும் தேயிலை விற்பனை முகவர். பத்தாவது அத்தியாயத்தில் இதே கேர்னன், வியாபாரம் ஒன்றை முடித்த பெருமிதத்துடன் நடந்து வருகின்றார். அரசப் பிரதிநிதியின் பவனியை ஆற்றின் மறுகரையிற் கண்டு, தொலைவிலிருந்தே வணக்கம் செலுத்துகின்றார். அவ்வணக்கம் பயனின்றிப் போகின்றது. பேரரசின் பண்டத்தை விற்றுப் பிழைக்கும் இடைத்தட்டினரின் விசுவாசமும் அதற்குக் கிடைக்கும் கைம்மாறும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. ஐந்தாவது அத்தியாயத்தின் பொதியையும் பத்தாவது அத்தியாயத்தின் வணக்கத்தையும் இணைக்கும் பொறுப்பு வாசகனுக்குரியது.

இவ்விடத்திலேயே அலிக் வெஸ்டின் விமர்சனமும் தன் வலிமையைக் காட்டுகின்றது. நாவல் பொதியை அறியும், விற்பவரை அறியும், குடிப்பவரை அறியும். கொழுந்து பறித்த பெண்ணை அது அறியாது. டப்ளினின் உற்பத்தியாளரே அரிதாகத் தோன்றும் நாவலில் மலைநாட்டுத் தொழிலாளியை எதிர்பார்த்தல் பொருந்தாது எனலாம். ஆயினும் இல்லாமையைச் சுட்டுதல் திறனாய்வாளரின் கடனாகும். அந்தப் பெண்ணைக் காண்பதற்கு நாம் ஸீ. வி. வேலுப்பிள்ளையிடமே செல்லவேண்டும். ஜொய்சும் வேலுப்பிள்ளையும் ஒருவர்க்கொருவர் மாற்றல்லர். ஒரே பண்டத்தின் இரு முனைகளில் நிற்பவர்கள்.

6

கடினம் வீண் ஆடம்பரமா, அன்றிப் பொருளுடையதா என்ற வினாவுக்கு விடைகாண மேலும் ஒரு தொடரை நோக்குவோம். ஐந்தாவது அத்தியாயத்தின் இறுதியில் பாண்டம் லயன்ஸ் என்பவன் குதிரைப் பந்தய விபரம் பார்க்கப் புளூமின் பத்திரிகையைக் கேட்கின்றான். தான் அதனை எறிந்துவிடவே இருந்ததாகக் கூறிப் புளூம் அதனைக் கொடுக்கின்றான். அன்றைய அஸ்கொட் தங்கக் கிண்ணப் பந்தயத்தில் ஓடும் குதிரையொன்றின் பெயர் ‘எறிந்துவிடத்தக்கது’ என்று பொருள்படும் ‘த்ரோஅவே’. புளூம் தனக்கு இரகசியக் குறிப்பொன்று தந்துவிட்டதாக லயன்ஸ் விளங்கிக்கொள்கின்றான். இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அக்குதிரை வெல்கின்றது; இது வரலாற்றிலும் நிகழ்ந்ததே. முதல் வாசிப்பில் எவரும் கவனியாது கடக்கும் அற்ப உரையாடல் இது.

பன்னிரண்டாவது அத்தியாயத்தில் ‘சிற்றிசன்’ என அழைக்கப்படும் தேசியவாதி ஒருவன் மதுச்சாலையில் அமர்ந்து அயர்லாந்தின் பெருமையை முழங்குகின்றான். உன் தேசம் எது என்று அவன் புளூமிடம் கேட்க, தான் இங்கு பிறந்தவன், ஆதலால் அயர்லாந்தே தன் தேசம் என்று புளூம் விடையளிக்கின்றான். சற்றுப் பின்னர் இறந்த நண்பரொருவரின் மனைவிக்குரிய காப்புறுதிப் பணம் பற்றிய அலுவலுக்காகத் தன் நண்பரைத் தேடிப் புளூம் வெளியே செல்கின்றான். அவன் சென்றதும், குதிரைப் பந்தயத்தில் வென்ற பணத்தை வாங்கவே யூதன் போயிருக்கின்றான் என்ற வதந்தி மதுச்சாலையிற் பரவுகின்றது. வென்றும் எவருக்கும் மது வாங்கிக் கொடாத கருமி என்ற வெறுப்பு மூளுகின்றது. அவன் திரும்பி வந்ததும் வசையும், இறுதியில் பிஸ்கற் தகரமும் அவன்மீது எறியப்படுகின்றன.

இனவெறுப்பு தனக்கான சான்றுகளை எவ்வாறு ஆக்கிக்கொள்கின்றது என்பதை இத்தொடர் அம்பலப்படுத்துகின்றது. புளூம் பந்தயம் கட்டவில்லை என்பது அம்மதுச்சாலையில் உள்ள எவருக்கும் தெரியாது. வாசகனுக்குத் தெரியும், அதுவும் ஐந்தாவது அத்தியாயத்தின் அந்த அற்ப உரையாடலை நினைவில் வைத்திருக்கும் வாசகனுக்கு மட்டுமே தெரியும். ஆசிரியர் இடைபுகுந்து விளக்கியிருப்பின் நாம் செய்தியொன்றைப் பெற்றிருப்போம். அவர் விளக்காது விட்டமையால் நாம் சாட்சிகளாகின்றோம். கடினம் இங்கு அலங்காரமன்று. வாசகனை நீதியின் பக்கம் நிற்கப் பழக்கும் ஒழுங்கு.

புளூமின் விடை எமது நாட்டு வாசகரின் செவியில் வேறொரு வழக்கையும் எழுப்புகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு அவரது பிறப்பு மட்டும் போதாதிருந்தது. தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அத்தகைய சட்டமொன்று டப்ளினில் இருந்திருப்பின், ஹங்கேரியிற் பிறந்தவரின் மகனான புளூம் நாடற்றவனாகியிருப்பான். அவன் கண்ணாடியிற் பார்த்த தேயிலையைப் பறித்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாடற்றோராக்கப்பட்டது கற்பனையன்று, வரலாறு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அவ்வநீதியின் எச்சங்கள் நீடித்தன. பொதியின் ஓரத்தில் நிற்கும் மனிதனும் பொதியின் உள்ளே மறைந்திருக்கும் மனிதரும் ஒரே வினாவை எதிர்நோக்கினர் என்பதை நாவல் கூறவில்லை. நாவலை இங்கிருந்து வாசிப்போர் கூறவேண்டியுள்ளது.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன சில. கடினமான நாவலை முதல் வாசிப்பிலேயே முற்றாக விளங்கிக்கொள்ளவேண்டும் என்ற எண்ணம் பரீட்சை மண்டபம் எம்மீது சுமத்திய எண்ணமாகும். அதனைக் கைவிடல் வேண்டும். குறியீடுகளைத் தேடுமுன் கூலி, கடன், வாடகை, உணவு ஆகியவற்றைத் தேடுதல் வேண்டும். நூலில் மீளமீள வரும் பொருள்களைப் பின்தொடர்தல் வேண்டும். ஈற்றில், தனியே வாசித்தலினும் கூடி வாசித்தல் சிறந்தது. ஒருவருக்குத் திருச்சபை வழக்குத் தெரியும். ஒருவருக்கு இசை தெரியும். ஒருவருக்குத் தோட்டத்துப் பேச்சும் துன்பமும் தெரியும். எமது நாட்டிலே புராணங்களும் பாரதமும் தனியறையில் அல்ல, படிப்போரும் பயன் சொல்வோரும் கேட்போருமாகக் கூடிய இடங்களிலேயே பயிலப்பட்டன. அம்மரபின் சமயச் சார்பை விடுத்து அதன் கூட்டு முறையை நாம் கைக்கொள்ளலாம்.

ஈழத்தின் 1960ஆம் ஆண்டுகளின் இலக்கிய விவாதங்களில், மக்களுக்கு விளங்கும் இலக்கியம் என்ற கோரிக்கை ஆதிக்கப் பண்பாட்டுக்கு எதிரான நியாயமான போர்க்குரலாக எழுந்தது. அக்கோரிக்கையின் நியாயம் இன்றும் குன்றவில்லை. ஆனால் விளங்கும் இலக்கியம் வேண்டும் என்பது வேறு. விளங்காதவற்றை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் மக்களுக்கு இல்லை என்பது வேறு. பின்னையது முற்போக்கின் மொழியிற் பேசப்படினும் மேட்டிமையின் கருத்தேயாகும். கடினமான நூல்களை ஆங்கிலக் கல்வி பெற்ற சிறு குழாத்தினரிடம் கையளித்துவிட்டு விலகுவதனால் அந்நூல்கள் தோல்வியுறப்போவதில்லை. நாமே எமக்குரிய சாட்சியங்களை இழந்தவர்களாவோம். டப்ளின் தெருவொன்றின் கடைக் கண்ணாடியில் எமது நாட்டின் உழைப்பு ஈயத்தாள் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. அதனைப் பிரித்துப் பார்க்கும் உரிமையும் கடமையும் எமக்கு உண்டு.